முன்னாள் மாணவர் சங்கம் எதற்கு? வில்லியம்ஸ் கல்லூரி முதல் வட்டுக்கோட்டை வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படித்து முடித்துப் பத்துப் பதினைந்து வருடம் ஆனபின் யாராவது ஒருவர் வாட்ஸ்அப் குழு தொடங்குவார். இரண்டு மாதம் பழைய படங்கள் ஓடும். பிறகு "நாமும் ஒரு சங்கம் ஆரம்பிக்கலாமே" என்று பேச்சு வரும். அந்த இடத்தில் எழும் கேள்விகளையும், சங்கங்களின் வரலாற்றைப் பற்றி என்னிடம் பலர் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வரலாற்றுக்கு அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியை நடுவில் வைத்துக்கொண்டேன். இன்று உலகம் முழுக்கப் பார்க்கிற சங்க முறைக்கு அதுவே முன்னோடி. அந்தக் கல்லூரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடித் தொடர்பும் உண்டு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்கொடை திரட்டுவது சங்கத்தின் வேலைகளில் ஒன்றுதான். கல்லூரிக்கு ஆபத்து வரும்போது அதன் பக்கம் நிற்பதுதான் தலையாய வேலை.

முன்னாள் மாணவர் சங்கத்தில் யார் யார் உறுப்பினர்?

இடத்துக்கு இடம் மாறும். நம் ஊரில் பெரும்பாலும் ஆயுள் சந்தா கட்டியவர்தான் உறுப்பினர். வில்லியம்ஸ் கல்லூரியில் படித்தவர் எல்லோரும் தானாகவே உறுப்பினர், சந்தா கிடையாது. எனக்கு இந்த முறைதான் சரியாகப் படுகிறது. ஐந்நூறு ரூபாய் கட்டாததால் ஒருவர் அந்தக் கல்லூரியின் மாணவர் இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். சில இடங்களில் சங்கம் கல்லூரி நிர்வாகத்தின் ஒரு பிரிவாக இருக்கும். முதல்வர் பார்த்து நியமித்த ஒரு பேராசிரியர் அதை நடத்துவார். சில இடங்களில் அது தனியாகப் பதிவு பெற்று, தானே தேர்தல் நடத்தி, தன் கணக்கைத் தானே வைத்திருக்கும். முதல் வகையில் விழா நடத்துவது எளிது. நிர்வாகத்திடம் ஒரு கேள்வி கேட்க வேண்டிய நாள் வந்தால் இரண்டாவது வகையால்தான் முடியும்.

உலகின் முதல் முன்னாள் மாணவர் சங்கம் எது?

1821-இல் வில்லியம்ஸ் கல்லூரியில் தொடங்கிய சங்கம். இன்றும் இயங்குகிற சங்கங்களில் அதுவே மிகப் பழையது.

அது பிறந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பெர்க்‌ஷையர் மலைகளுக்கு நடுவே வில்லியம்ஸ்டவுன் என்ற சிற்றூர். எஃப்ரைம் வில்லியம்ஸ் என்ற படை அதிகாரி 1755-இல் லேக் ஜார்ஜ் போரில் இறந்தார். அவர் உயிலில் எழுதிவைத்த சொத்திலிருந்து ஒரு பள்ளி வந்தது. அது 1793-இல் கல்லூரி ஆனது. ஊர் ஒதுக்குப்புறம், போக்குவரத்து கடினம், பணமும் குறைவு. இரண்டாவது தலைவராக வந்த செஃபனயா ஸ்விஃப்ட் மூர், இந்த இடத்தில் கல்லூரி பிழைக்காது என்று முடிவு கட்டினார். மாநிலத்தின் நடுப்பகுதிக்கு இடம் மாற்ற வேண்டும் என்று அறங்காவலர்களில் பெரும்பான்மையினரும் சொன்னார்கள். மாநிலச் சட்டமன்றம் அனுமதி தரவில்லை.

1821-இல் மூர் பதவியை விட்டார். 15 மாணவர்களோடு போய் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் புதிய கல்லூரிக்குத் தலைவரானார். போகும்போது வில்லியம்ஸ் நூலகத்துப் புத்தகங்களையும் எடுத்துப்போனார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தக் கதை இத்தனை காலம் நிலைத்திருப்பதே அன்று எவ்வளவு வலித்தது என்பதைக் காட்டுகிறது. தலைவர் போய்விட்டார், மாணவர் குறைந்தனர், பக்கத்திலேயே போட்டிக் கல்லூரி. மூடிவிடுவார்கள் என்று பலரும் நினைத்தார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் பட்டமளிப்பு விழா. அதற்கு வந்திருந்த பழைய மாணவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். இந்தக் கல்லூரி படிக்கவைத்தவர்களின் செல்வாக்கும் ஆதரவும் ஒன்றுதிரண்டு அதைத் தாங்கவும் காக்கவும் மேம்படுத்தவும் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம் என்று எழுதினார்கள். அதே விழாவுக்குள் எட்வர்ட் டோர் கிரிஃபின் புதிய தலைவராகவும் வந்து சேர்ந்தார். கல்லூரி மூடப்படவில்லை. 1828-இல் கட்டிய கட்டடம் ஒன்று இன்றும் கிரிஃபின் பெயரில் அங்கே நிற்கிறது.

வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் இரண்டும் இன்று அமெரிக்காவின் முதல் வரிசைக் கல்லூரிகள். ஆகவே மூர் செய்ததைத் துரோகம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அவர் கணக்கு தவறவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் பழைய மாணவர்கள் இல்லை.

அதற்கு முன் எதுவுமே இல்லையா?

இருந்தது, வேறு வடிவில். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1792-லேயே ஒவ்வொரு ஆண்டு மாணவர் அணிக்கும் ஒரு செயலாளர் என்ற முறையை ஏற்படுத்தியது. யார் எங்கே இருக்கிறார், என்ன தொழில், யாருக்குத் திருமணம், யார் இறந்தார் என்று அவர் எழுதிவைப்பார். எளிய வேலைதான். ஆனால் பின்னால் வந்த எல்லாச் சங்கங்களும் இந்தப் பட்டியலின் மேல்தான் நிற்கின்றன. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழக ஆட்சியிலேயே இடம் இருந்தது. தனிச் சங்கமாகத் திரண்டது வில்லியம்ஸில்தான்.

பிழைத்த பிறகு அந்தச் சங்கம் என்ன செய்தது?

முதன்மையாக, பட்டமளிப்பு விழாவைப் பழைய மாணவர்கள் திரும்பி வரும் நாளாக ஆக்கியது. பிறகு நகரங்களில் கிளைக் கூட்டங்கள் வந்தன. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னால் அதன் பிடிப்பு புரியும்.

1871 டிசம்பரில் நியூயார்க்கின் டெல்மோனிகோஸ் உணவகத்தில் வில்லியம்ஸ் பழைய மாணவர் விருந்து. கல்லூரிக்குக் கட்டடம் போதாது, நூலகம் போதாது என்று பேச்சு வந்ததாகச் சொல்வார்கள். அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் கார்ஃபீல்டு எழுந்தார். 1856-இல் பட்டம் பெற்றவர். மார்க் ஹாப்கின்ஸ் அவருக்குப் பாடம் நடத்தியவர், கல்லூரித் தலைவராக 36 ஆண்டுகள் இருந்தவர். ஒரு மரத்துண்டின் ஒரு முனையில் ஹாப்கின்ஸும் மறுமுனையில் ஒரு மாணவனும் உட்கார்ந்தால் அதுவே தனக்குக் கல்லூரி என்ற பொருளில் கார்ஃபீல்டு பேசினார். சொற்கள் பலவாறு வழங்குகின்றன, கருத்து இதுதான். நல்ல கல்வி எது என்று அமெரிக்கர்கள் பேசும்போதெல்லாம் வருகிற அந்த வாக்கியம் ஒரு முன்னாள் மாணவர் விருந்தில் பிறந்தது.

கார்ஃபீல்டு 1881-இல் அமெரிக்க அதிபர் ஆனார். அந்த ஆண்டு அவருடைய அணி பட்டம் பெற்று 25 ஆண்டு. ஜூலை 2 அன்று வில்லியம்ஸ் கல்லூரிக்குப் போக வாஷிங்டன் ரயில் நிலையத்துக்கு வந்தார், அங்கேதான் சுடப்பட்டார். செப்டம்பரில் இறந்தார். நாட்டின் அதிபர், பதவியேற்ற நான்காவது மாதத்தில், பழைய கல்லூரிக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அந்தச் சங்கம் அறுபது ஆண்டில் எதை வளர்த்திருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

1806 ஆகஸ்டில் வில்லியம்ஸ் மாணவர்கள் ஐந்து பேர் கல்லூரிக்கு அருகே ஒரு வயலில் பிரார்த்தனைக்குக் கூடியிருந்தபோது இடியும் மழையும் வந்தது. வைக்கோல் போருக்கு அடியில் ஒதுங்கினார்கள். வெளிநாடுகளுக்கு ஊழியம் செய்யப் போவது என்று அங்கே பேசிக்கொண்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1810-இல் அமெரிக்க மிஷன் அமைப்பு உருவானது. 1816-இல் அந்த அமைப்பு அனுப்பியவர்கள் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். வைக்கோல் போருக்கு அடியில் ஒதுங்கிய அந்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். 1822-இல் தெல்லிப்பழையில் இறந்தார். அவர் படித்த கல்லூரியைக் காப்பாற்ற அங்கே சங்கம் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அடுத்த ஆண்டு, 1823-இல், அதே மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது. டேனியல் பூர் அதன் முதல் தலைவர். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானியலும் உயர்நிலையில் கற்பித்த இடம் அது. 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஏட்டுச்சுவடிகளில் கிடந்த கலித்தொகையை 1887-இல் அச்சில் கொண்டுவந்தவர் அதே தாமோதரம்பிள்ளை.

1855-இல் செமினரி மூடப்பட்டது. மிஷனின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன், ஆங்கில உயர்கல்வி மிஷனின் வேலை அல்ல, தாய்மொழிப் பள்ளிகளும் ஊழியர் பயிற்சியும் போதும் என்ற கொள்கை உடையவர். பாஸ்டனில் இருந்து பார்த்தால் அது ஒரு நியாயம். யாழ்ப்பாணத்தில் மகனைப் படிக்கவைக்க நினைத்த குடும்பங்களுக்கு வழி அடைபட்டது.

1867 வாக்கில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, உயர்கல்விக்கு மறுபடி ஒரு நிறுவனம் வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் செமினரியின் பழைய மாணவர்கள். 1872-இல் அதே வளாகத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. நூறு ஆண்டு கழித்து, 1974-இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அறிவியல் பீடம் முதலில் வட்டுக்கோட்டையில்தான் இயங்கியது.

வில்லியம்ஸில் 1821-இல் நடந்ததும் வட்டுக்கோட்டையில் 1867-இல் தொடங்கியதும் ஒரே வகை. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் இந்த இடம் வேண்டாம் என்று சொன்னபோது, அங்கே படித்தவர்கள் வேண்டும் என்றார்கள். வட்டுக்கோட்டைக்காரர்கள் செய்தது கடினமான வேலை. வில்லியம்ஸில் கல்லூரி தள்ளாடியபடியாவது நின்றுகொண்டிருந்தது. இங்கே மூடிப் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

பல்கலைக்கழக நிர்வாகத்தில் பழைய மாணவர்களுக்கு ஓட்டு உண்டா?

சில இடங்களில் உண்டு, நெடுங்காலமாகவே. ஹார்வர்டின் மேற்பார்வைக் குழுவில் முதலில் மாநில அரசின் கை ஓங்கியிருந்தது. 1865-இல் மாசசூசெட்ஸ் சட்டம் அந்தத் தேர்வு உரிமையைப் பட்டதாரிகளுக்கு மாற்றியது. யேலில் 1871-இல் வந்த சட்டப்படி, ஆட்சிக்குழுவில் ஆறு மாநில செனட்டர்கள் இருந்த இடத்துக்குப் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கும் ஆறு பேர் வந்தார்கள்.

இந்த ஓட்டு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு 1980-களின் ஹார்வர்டைப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்க இனஒதுக்கல் அரசோடு வணிகம் செய்யும் நிறுவனங்களில் பல்கலைக்கழகம் போட்ட முதலீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று பழைய மாணவர்களில் ஒரு பகுதியினர் போராடினார்கள். நிர்வாகம் முழுதாக இசையவில்லை. போராடியவர்கள் தங்கள் சார்பில் வேட்பாளர்களை நிறுத்தினார்கள். 1989-இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அந்த அணியில் நின்று மேற்பார்வைக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சங்கம் என்பது நிர்வாகத்துக்குத் தலையாட்டும் அமைப்பு அல்ல என்று யாராவது வாதாட வேண்டியிருந்தால் இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும்.

ஆக்ஸ்ஃபோர்டில் வேந்தரைப் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2003 வரை நேரில் அங்கி அணிந்து வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். 2024-இல் முதல் முறையாக இணையவழியில் நடந்து, வில்லியம் ஹேக் வென்றார்.

தமிழ்நாட்டில் பட்டதாரிகளுக்கு அப்படி உரிமை இருந்ததா?

இருந்தது; பலருக்கு இன்று நினைவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் செனட் அவையில் பதிவு பெற்ற பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களுக்கு இடம் வைத்தது. சட்ட மேலவையிலும் பட்டதாரிகள் தொகுதி இருந்தது. அரசியலமைப்பின் 171-ஆவது பிரிவின்படி மேலவை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பார்கள். 1986-இல் தமிழ்நாடு மேலவை கலைக்கப்பட்டபோது அந்தத் தொகுதியும் போனது. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இன்றும் பட்டதாரி தொகுதித் தேர்தல் நடக்கிறது.

பட்டதாரிக்கு மட்டும் கூடுதல் ஓட்டு என்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் தான் படித்த பல்கலைக்கழகத்தின் அவையில் பட்டதாரிக்குக் குரல் வேண்டும் என்பது வேறு விஷயம். துணைவேந்தர் பதவிக்காலம் மூன்று ஆண்டு. இளங்கலை மாணவருக்கும் மூன்று ஆண்டு. வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் சுமப்பவர் பழைய மாணவர் ஒருவர்தான்.

ஆண்டுக் கூடல் என்றால் வெறும் விருந்துதானே?

நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிவிடுகிறது. மேடை, சால்வை, நினைவுப் பரிசு, நீண்ட வரவேற்புரை. வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச நேரமே இல்லாமல் சாப்பிட்டுப் போகிறார்கள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மே மாதக் கடைசியில் நடக்கும் ஊர்வலத்தைப் பாருங்கள். மேடையே தேவையில்லாத நிகழ்ச்சி. ஆரஞ்சும் கறுப்பும் கலந்த கோட்டுகள். ஒவ்வோர் அணிக்கும் தனி வடிவம். பட்டம் பெற்று 25 ஆண்டு ஆனவர்கள் முன்னே போவார்கள். அடுத்து மிக மூத்தவர்கள். வந்திருப்பவர்களில் மிகப் பழைய அணியைச் சேர்ந்தவர் கையில் 1923-ஆம் ஆண்டு அணியினர் கொடுத்த வெள்ளிப்பூண் கைத்தடி இருக்கும். பிறகு வயது வரிசையில் அடுத்தடுத்த அணிகள். இளையவர்கள் இருபுறமும் நின்று, தங்களைக் கடந்து போகும் ஒவ்வோர் அணிக்கும் ஆரவாரம் செய்வார்கள்; தங்கள் முறை வந்ததும் ஊர்வலத்தில் சேர்ந்துகொள்வார்கள். கடைசியாக அந்த ஆண்டு பட்டம் பெறுகிறவர்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் தன் முன்னால் தொண்ணூறு வயதுக்காரர் நடந்து போவதைப் பார்த்துக் கை தட்டுகிறாள். எந்தச் சொற்பொழிவாலும் இதைச் சாதிக்க முடியாது. செலவும் அதிகம் இல்லை. நம் கல்லூரிகளில் செய்யக்கூடியதுதான்.

பணம் எப்போது உள்ளே வந்தது?

தொடக்கம் முதலே தேவைப்பட்டது. ஆனால் ஆண்டுதோறும் எல்லோரிடமும் கேட்பது என்ற முறை யேலில் 1890-இல் தொடங்கியது. பெரிய செல்வந்தரைத் தேடிப் போகாமல், ஒவ்வொருவரும் முடிந்ததை ஒவ்வோர் ஆண்டும் தருவது. இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் அதைப் பின்பற்றுகின்றன.

இந்தியாவில் பெரிய தொகைகள் அண்மையில்தான் வரத் தொடங்கின. 2023-இல் நந்தன் நிலேகனி மும்பை ஐஐடிக்கு 315 கோடி ரூபாய் கொடுத்தார். அவர் அங்கே சேர்ந்து 50 ஆண்டு ஆனதை ஒட்டி. 2024-இல் சென்னை ஐஐடிக்கு அதன் முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி கொடுத்தார். மகிழ்ச்சியான செய்திகள். ஆனால் ஒரு மாவட்டத் தலைநகரத்து அரசு கலைக் கல்லூரிச் சங்கம் இவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 200 பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் வருடத்துக்கு 2,40,000 ரூபாய். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கும் மாணவர்களுக்கும், விடுதிச் சாப்பாட்டு பாக்கியால் ஹால் டிக்கெட் நிறுத்திவைக்கப்பட்டவர்களுக்கும் அது போதும். பெயர்ப்பலகை வைக்க முடியாத செலவு என்பதால் இதற்குப் பணம் திரட்டக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கும். பேசலாம், தவறில்லை.

பழைய மாணவர் செல்வாக்கால் கெடுதலே இல்லையா?

உண்டு. பெரிய கெடுதல், அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பழைய மாணவர் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் கிடைத்த முன்னுரிமை. ஏற்கனவே வசதியுள்ள குடும்பத்துக்கே மறுபடி கதவு திறக்கும் முறை அது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 2021-இல் அதைக் கைவிட்டது. கலிஃபோர்னியா 2024-இல் சட்டம் போட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களிலும் தடை செய்தது. நம் சங்கங்கள் யாராவது "எங்கள் பிள்ளைகளுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் சலுகை" என்று கேட்கத் தொடங்கினால் அன்றே எதிர்க்க வேண்டும்.

அடுத்தது நன்கொடையாளரின் அழுத்தம். 2023-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், யூத வெறுப்பை நிர்வாகம் சரியாக எதிர்கொள்ளவில்லை என்று சொல்லி, பெரும் நன்கொடை தந்த முன்னாள் மாணவர்கள் சிலர் தலைவரை நீக்கும்படி வெளிப்படையாக நெருக்கினார்கள். நாடாளுமன்ற விசாரணையும் சேர, டிசம்பரில் அவர் பதவி விலகினார். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் ஆளுக்கு ஓர் ஓட்டு என்று நடக்கும் ஹார்வர்டு தேர்தலும், காசோலையின் கனத்தைப் பொறுத்துக் குரல் உயர்வதும் ஒன்றல்ல. சங்க விதிகளை எழுதும்போதே, கொடுத்த தொகைக்கு ஏற்ப ஓட்டு இல்லை என்று எழுதிவிடுங்கள்.

நாக் மதிப்பீட்டுக்காகச் சங்கம் தொடங்கச் சொல்கிறார்கள். அது போதுமா?

நாக் என்பது கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் தேசிய அமைப்பு. அதன் அளவுகோல்களில் முன்னாள் மாணவர் ஈடுபாட்டுக்குத் தனிப் பிரிவு இருந்து வருகிறது. பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா, கல்லூரியின் வளர்ச்சிக்குப் பணமாகவோ வேறு வகையிலோ என்ன செய்திருக்கிறது என்று கேட்பார்கள். இதனால்தான் பல கல்லூரிகளில் குழு வருகைக்கு ஆறு மாதம் முன்னால் அவசரமாகச் சங்கம் பிறக்கிறது. குழு போனதும் வங்கிக் கணக்கில் கடைசி வரவு அந்த மாதத்தோடு நின்றுவிடும். மதிப்பீட்டைக் காரணமாக வைத்துத் தொடங்குவதில் குறை இல்லை. தேர்தலும் பொதுக்குழுவும் அடுத்த ஆண்டும் நடக்கின்றனவா என்பதைப் பாருங்கள்.

பதிவு செய்வது எப்படி?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் போதும். நோக்கக் குறிப்பும் துணைவிதிகளும் தயாரித்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு ஐந்தாறு ஆண்டு கழித்து அபராதத்தோடு ஓடும் சங்கங்கள் ஏராளம். ஒரு தணிக்கையாளரை, முடிந்தால் உங்கள் பழைய மாணவர்களிலேயே ஒருவரை, முதல் நாளிலிருந்து கூட வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடையாளருக்கு 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச்சலுகை வேண்டுமென்றால் வருமானவரித் துறையில் தனி அங்கீகாரம் வாங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் பணம் அனுப்பலாமா?

அவர்களின் கடவுச்சீட்டைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே இருந்து துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமையோ வேறு நாட்டுக் குடியுரிமையோ பெற்றுவிட்டவர், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர். அவரிடம் வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தப் பணம் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவுக்குச் சங்கம் பொதுவாக மூன்று ஆண்டு செயல்பட்டிருக்க வேண்டும். "நம்ம பையன்தானே" என்று கூகுள் பே எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். சிக்கல் பொருளாளர் தலையில்தான் விழும்.

பணம் தர முடியாதவர் என்ன செய்யலாம்?

நிறைய. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவருக்கு வேலை நேர்காணல் எப்படி இருக்கும் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அதே துறையில் மூன்று வருடம் முன்னால் படித்து இன்று வேலை பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனில் பேசினால் போதும். பெரிய நிறுவனத்தின் இயக்குநர் வந்து பேசுவதைவிட இது பயன்படும். ஏனென்றால் அந்த அக்கா உட்கார்ந்த பெஞ்சில்தான் இந்தத் தங்கையும் உட்கார்ந்திருக்கிறாள், அதே ஆசிரியரிடம் அதே பாடத்தில் திணறுகிறாள்.

கல்லூரியின் வரலாற்றைச் சேகரிப்பதும் பணம் கேட்காத வேலை. பழைய ஆண்டு மலர், விடுதி நாள் படங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் பதிவு செய்த பேச்சு. நிர்வாகம் மாறும்போது இவைதான் முதலில் பரணுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போகின்றன.

எங்கள் கல்லூரியில் சங்கமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பட்டியலிலிருந்து. யேல் 1792-இல் செய்த அதே வேலை. ஒவ்வோர் ஆண்டு அணிக்கும் பொறுப்பாக ஒருவரைப் பிடியுங்கள். அதிகம் பேசுகிறவரைவிட, எல்லோருடைய எண்ணும் கையில் வைத்திருக்கிறவர் நல்லது. கல்லூரி அலுவலகத்தில் அனுமதி கேட்டுச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை எழுதுங்கள். கடைசி ஆண்டுக் குழுப்படத்தைத் தேடுங்கள். அட்டையின் அடியில் வரிசை வாரியாகப் பெயர்கள் அச்சிட்டிருக்கும். பெண்களின் பெயர்களைத் தேடும்போது கூடுதல் கவனம் வேண்டும்: திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், வாட்ஸ்அப் குழுவில் இருக்க மாட்டார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க அவர்களின் தோழிகளில் ஒருவரையே பொறுப்பாளராகப் போடுங்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் சேருங்கள்.

பட்டியல் ஓரளவு நிறைந்தபின் பொதுக்குழு கூட்டுங்கள். துணைவிதி, தேர்தல், பதிவு எல்லாம் அதற்குப் பிறகு.